டிஸ்க் நிறைந்துவிட்டது என்பதற்காக லொக் ஆர்க்கைவை நிறுத்தலாமா?

தம்பி எழுதியதைச் சுருக்கினால் விஷயம் இதுதான். திருகோணமலையில் கடற்கரையோரம் ஒரு மீன் வாடி. படகுகள் இறக்கும் மீனின் நிறை, சம்மாட்டிமாருக்கு (படகுச் சொந்தக்காரருக்கு) கொடுத்த முற்பணம், கொழும்புக்குப் போகும் லொறிக் கணக்கு, குளிர் அறையின் வெப்பநிலை எல்லாம் ஒரு போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. முந்தாநாள் இரவு கரண்ட் போய் வந்தது. இன்று டிஸ்க் 97 வீதம் நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை. தேடிப் பார்த்தால் பிஜி வால் என்ற கோப்புறையில் மட்டும் ஏறத்தாழ 3,100 கோப்புகள். தெரிந்த ஒருவர், "ஆர்க்கைவிங்கை நிறுத்திவிட்டு அதையெல்லாம் அழித்துவிடு, பிறகு திரும்பப் போடலாம், இரவில் எப்படியும் டம்ப் எடுக்கிறாய்தானே" என்று சொல்லியிருக்கிறார். எப்படி நிறுத்துவது, எப்படித் திரும்பப் போடுவது என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: அந்தக் கோப்புறையில் ஒரு கோப்பைக்கூடக் கையால் அழிக்காதீர்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் பிஜி எக்ஸ்லொக். பெயரில் லொக் என்று இருந்ததால், பழைய குறிப்புப் பதிவுகள்தானே என்று நினைத்துப் பலர் அழித்து, தரவுத்தளத்தையே இழந்தார்கள். 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரை மாற்றியதற்கு அதுவே காரணம். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு மருந்துக் கடையில் இது நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அழித்தவர் நல்ல எண்ணத்தோடுதான் அழித்தார். அதற்குப் பிறகு சேர்வர் எழும்பவில்லை. மூன்று நாள் பில் கட்டுகளை வைத்து மறுபடி தட்டச்சு செய்தோம்.

அந்தக் கோப்புகள் என்னவென்று உங்கள் வாடியை வைத்தே சொல்லலாம். விடியற்காலை மீன் இறங்கும்போது கணக்கப்பிள்ளை நாளேட்டில் வந்த வரிசைப்படி எழுதிக்கொண்டே போவார். எந்தச் சம்மாட்டிக்கு எவ்வளவு என்று பேரேட்டில் ஏற்றுவது பிறகு, ஆறுதலாக. தரவுத்தளமும் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றமும் முதலில் வால் எனப்படும் லொக்கில் எழுதப்படும், அப்புறம்தான் உண்மையான அட்டவணைக் கோப்புகளுக்குப் போகும். இடையில் கரண்ட் போனால், சேர்வர் எழும்பும்போது நாளேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். பேரேட்டில் ஏற்றி முடித்த இடம்தான் செக்பொயின்ட். அதற்கு முந்திய லொக் கோப்புகள் தரவுத்தளத்துக்கு இனித் தேவையில்லை. அவற்றை எடுத்து மறுபடி பயன்படுத்தும், அல்லது தானே அழித்துவிடும்.

ஆர்க்கைவிங் என்பது, அப்படி அழிபடுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைப்பது. என்றோ எடுத்த பேரேட்டின் முழுப் பிரதி ஒன்றும், அன்றிலிருந்து இன்றுவரையான நாளேடுகள் எல்லாமும் கையில் இருந்தால், இடைப்பட்ட எந்த நேரத்துக் கணக்கையும் திரும்ப உருவாக்கலாம். நடுவில் ஒரு கோப்பு காணாமற்போனால் அதுவரைக்கும்தான் வரலாம். அதற்குப் பின் எத்தனை ஆயிரம் கோப்புகள் இருந்தாலும் பயனில்லை. ஆகவே இது ஒரு சங்கிலி. "நிறுத்திவிட்டுத் திரும்பப் போடலாம்" என்ற யோசனையின் பிழை இங்கேதான் இருக்கிறது. நிறுத்திய நொடியில் சங்கிலி அறுந்துவிடும். திரும்பப் போட்டால் பழையது தொடராது, புதியதொன்றுதான் தொடங்கும். அந்தப் புதிய சங்கிலிக்கும் முதல் கண்ணியாக ஒரு முழுப் பக்கப் வேண்டும்.

இரவு டம்ப் பற்றி. அது பயனுள்ளதுதான், நிறுத்த வேண்டாம். தவறுதலாக அழித்த ஓர் அட்டவணையை மட்டும் மீட்கவும், பதிப்பு மாற்றவும் கைகொடுக்கும். ஆனால் டம்ப் எடுப்பது பேரேட்டைப் பார்த்து வேறு தாளில் எழுதி வைப்பது போன்றது. அதன்மேல் இந்த லொக் கோப்புகளை ஓட்ட முடியாது. லொக்கில் இருப்பது "இந்தக் கோப்பின் இந்தப் பக்கத்தில் இந்த இடத்தை மாற்று" என்ற அளவிலான பதிவு. அதே பக்கங்கள் அப்படியே இருக்கும் பிரதியில்தான் அது பொருந்தும். இதைத் தெரியாமல் டம்பையும் ஆர்க்கைவையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் டம்ப் இரவு 11 மணிக்கு. வேலை நடப்பதோ காலை 4 மணிக்கும் 9 மணிக்கும் இடையில். பத்து மணிக்கு டிஸ்க் செத்தால் அன்றைய கொள்முதல் முழுக்கப் போய்விடும். ஈரக் கையோடு எழுதிய துண்டுச்சீட்டுகள் அதற்குள் குப்பையில் இருக்கும். எந்தப் படகில் எத்தனை கிலோ சூரை வந்தது, எத்தனை கிலோ பாரை வந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

சரி, உங்கள் சேர்வருக்கு என்ன நடந்தது? நீங்கள் தந்த எண்ணே சொல்கிறது. ஆர்க்கைவ் டைம்அவுட் 60 செக்கன் என்று எழுதியிருந்தீர்கள். அதாவது, கோப்பு நிறையாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒருமுறை அதை மூடி அடுத்ததைத் தொடங்கும். எழுத ஒன்றுமே இல்லாவிட்டால் மூடாது. ஆனால் உங்கள் குளிர் அறையின் வெப்பமானி நிமிடத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இரவு பகல் பாராமல் மணிக்கு 60 கோப்பு. 3,100ஐ 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 மணி நேரம். அதை இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் முந்தாநாள் இரவு வருகிறது, கரண்ட் போன அதே நேரம். ஒரு கோப்பு 16 மெகாபைட் என்பதால் மொத்தம் 48 கிகாபைட்டுக்கு மேல்.

பிரதிகள் போவது யூஎஸ்பி டிஸ்க்குக்கு. கரண்ட் வந்து கணினி எழும்பியபோது அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை (தனக்குரிய கோப்புறையோடு இணையவில்லை) என்றே நினைக்கிறேன். அது மவுண்ட் ஆகும் கோப்புறை வெறுமையாக இருக்கிறது, அதில் எழுதப் போஸ்ட்கிரஸ் பயனருக்கு உரிமை இல்லை, ஒவ்வொரு பிரதியும் தோற்கிறது. பிரதி வெற்றி என்று பதில் வரும்வரை போஸ்ட்கிரஸ் அந்தக் கோப்பை விடாது. இரண்டு நாளாக உங்கள் நாளேடுகளை அது காத்துக்கொண்டிருக்கிறது. அதைப் போய் நிறுத்தச் சொல்கிறார் உங்கள் நண்பர்.

உறுதிப்படுத்த இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பிஜி ஸ்டாட் ஆர்க்கைவர் என்ற வியூ (அட்டவணை போலவே வாசிக்கலாம்). கடைசியாக வெற்றிகரமாகப் போன கோப்பு எது, எப்போது போனது, கடைசியாகத் தோற்றது எது, இதுவரை எத்தனை தடவை தோற்றது என்று ஒரே வரியில் காட்டும். (நான் தமிழில் எழுதும் இந்தப் பெயர்களையெல்லாம் நீங்கள் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில், சொற்களுக்கு இடையே அடிக்கோடு வைத்துத் தட்ட வேண்டும்.) மற்றது, பிஜி வாலுக்கு உள்ளேயே இருக்கும் ஆர்க்கைவ் ஸ்டேட்டஸ் என்ற சிறு கோப்புறை. அங்கே 24 எழுத்து நீளமான கோப்புப் பெயர்களின் பின்னால் ரெடி என்றோ டன் என்றோ ஒட்டியிருக்கும். ரெடி என்றால் அனுப்பக் காத்திருக்கிறது, டன் என்றால் அனுப்பியாயிற்று. உங்களிடம் வரிசையாக ரெடி மட்டுமே தெரியும் என்று எதிர்பார்க்கிறேன். தெரியாவிட்டால் காரணம் வேறு. யாராவது முன்பு, வேறொரு கணினி லொக்கை வாங்குவதற்கான ரெப்ளிகேஷன் ஸ்லொட் ஒன்றைப் போட்டுப் பாதியில் விட்டிருக்கலாம். அதுவும் லொக்கைப் பிடித்து வைக்கும். பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லொட்ஸ் வியூவில் பாருங்கள்.

காரணம் மவுண்ட்தான் என்றால் வேலை இலகு. யூஎஸ்பி டிஸ்க்கில் 50 கிகாபைட் இடம் இருக்கிறதா என்று பார்த்து மவுண்ட் செய்யுங்கள். போஸ்ட்கிரஸ் மூன்று தடவை முயன்று தோற்றால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலும். நீங்கள் ஒரு கட்டளையும் கொடுக்கத் தேவையில்லை, தானே பழையதிலிருந்து வரிசையாக அனுப்பத் தொடங்கும். ரெடி எல்லாம் டன் ஆவதைப் பார்த்துக்கொண்டிருங்கள். எல்லாம் போனபின் செக்பொயின்ட் என்று ஒரு கட்டளை கொடுத்தால் டிஸ்க் காலியாகத் தொடங்கும். அதற்குள் டிஸ்க் முழுக்க நிறைந்துவிடும் போல இருந்தால் பழைய டம்ப் கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்தி இடம் எடுங்கள். பிஜி வாலில் மட்டும் கை வைக்க வேண்டாம். இடம் ஒரு துளியும் இல்லாமல் போனால் சேர்வர் தானே விழுந்துவிடும். அப்படி நடந்தாலும் எழுதி முடித்த தரவு அழியாது, இடம் கிடைத்ததும் எழும்பும்.

சில வேளைகளில் நிறுத்துவது நியாயமே. பரீட்சித்துப் பார்க்க மட்டும் வைத்திருக்கும் கணினிக்கு ஆர்க்கைவ் தேவையில்லை. பழைய மென்பொருளில் இருந்து பல வருடத் தரவை ஒரே மூச்சில் ஏற்றும்போதும் நிறுத்தலாம். ஆர்க்கைவை நிறுத்தி வால் லெவலை (லொக்கில் எவ்வளவு விவரம் எழுதுவது என்ற அமைப்பை) மினிமல் என்று வைத்தால், புதிதாக உருவாக்கி அதே பரிமாற்றத்தில் நிரப்பும் அட்டவணைகளுக்கு லொக் எழுதுவதையே பெரும்பாலும் தவிர்த்துவிடும், நேரம் நன்றாக மிச்சமாகும். அப்போது, லொக்கை வெளியே அனுப்பும் இணைப்புகள் எத்தனை என்று சொல்லும் மேக்ஸ் வால் சென்டர்ஸ் என்பதையும் பூச்சியமாக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்வர் எழும்பாது.

முறையாக நிறுத்த, ஆர்க்கைவ் மோட் என்பதை ஓஃப் ஆக்கிச் சேர்வரை மறுபடி தொடக்க வேண்டும். அமைப்புகளை மட்டும் மறுபடி வாசிக்கவைக்கும் ரீலோட் போதாது. கவனிக்க வேண்டியது: அப்படித் தொடக்கியபின் ரெடி என்று காத்திருந்த கோப்புகளுக்கும் காவல் இல்லை. அடுத்த செக்பொயின்ட்களில் அனுப்பப்படாமலே போய்விடும். ஆகவே நிறுத்துவதற்கு முன் வரிசை காலியாகட்டும். மறுதொடக்கம் இல்லாமல் நிறுத்த இன்னொரு வழி உண்டு. பிரதி எடுக்கும் கட்டளையை எழுதும் ஆர்க்கைவ் கமாண்டில், ஒன்றும் செய்யாமல் வெற்றி என்று மட்டும் சொல்லும் ட்ரூ என்ற கட்டளையைப் போட்டு ரீலோட் செய்வார்கள். காத்திருக்கும் எல்லாக் கோப்பும் கண நேரத்தில் டன் ஆகிவிடும், டிஸ்க்கும் காலியாகும். ஆனால் ஒரு பிரதியும் எங்கும் இருக்காது, பிஜி ஸ்டாட் ஆர்க்கைவரும் எல்லாம் சரியாகப் போனதாகவே காட்டும். அதனால்தான் எனக்கு இந்த வழி பிடிப்பதில்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பார்த்தால் ஆர்க்கைவ் ஓடுகிறது என்றே நம்புவார். கமாண்டை வெறுமையாக விடுவது இதற்கு நேர்மாறு. அப்போது கோப்புகள் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். யூஎஸ்பி டிஸ்க்கை மாற்றும் அரை மணி நேரத்துக்கு அது பொருத்தமான வழி, சங்கிலியும் அறாது.

திரும்பப் போடும்போது வால் லெவல் ரெப்ளிகாவாக இருக்க வேண்டும். 10ஆம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பு நிலை. ஆர்க்கைவ் மோட் ஓன், ஆர்க்கைவ் கமாண்ட் சரியாக, பிறகு மறுதொடக்கம். பிஜி ஸ்விட்ச் வால் என்ற செயற்கூற்றை அழைத்தால் நடப்புக் கோப்பை மூடிவிடும். அந்தக் கோப்பு உண்மையிலேயே மறுபக்கம் போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் பாருங்கள். சேர்ந்ததும் அதே இருப்பில் பிஜி பேஸ்பக்கப் என்ற கருவியால் முழுப் பக்கப் எடுத்துவிடுங்கள். நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டால், நாளைவரை வரும் லொக்குகளுக்கு அடியில் பிரதி ஒன்றும் இல்லை. பழைய பேஸ்பக்கப்பையும் பழைய லொக்குகளையும் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள், அறுந்த இடம்வரை அவை இன்னும் செல்லும்.

இந்த ஒழுங்கு போஸ்ட்கிரஸுக்கு மட்டும் உரியதல்ல, வேறு தரவுத்தள மென்பொருள்களிலும் உண்டு. டிபி2இல் லொக் ஆர்க்கைவை முதன்முதலாக இயக்கினால் பக்கப் பெண்டிங் என்ற நிலைக்குப் போய்விடும், முழுப் பக்கப் எடுக்கும்வரை உள்ளே விடாது. அப்பாச்சி டெர்பியில் இயக்கும் செயல்முறையே முழுப் பக்கப்பை எடுத்துவிட்டுத்தான் ஆர்க்கைவைத் தொடக்கும். ஒரக்கிளில் தரவுத்தளத்தை ஒழுங்காக மூடி, மவுண்ட் நிலையில் மட்டும் எழுப்பி, ஆர்க்கைவ்லொக் முறைக்கு மாற்றிவிட்டுத் திறக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் இந்த விஷயத்தில் உங்களை நம்பி விட்டுவிடுகிறது. பேஸ்பக்கப் எடுத்தீர்களா என்று அது கேட்காது.

இனி உங்கள் ஆர்க்கைவ் கமாண்ட். கோப்பைப் பிரதி எடுக்கும் வெறும் சிபி கட்டளையை வைத்திருக்கிறீர்கள். இருக்கும் கோப்பின்மேல் எழுதக் கூடாது என்பதற்காக, கோப்பு ஏற்கெனவே இருந்தால் தோற்றுவிடு என்ற சோதனையைச் சேர்க்கச் சொல்வார்கள். அது சரியான ஆலோசனை. ஆனால் நம் ஊரில் கரண்ட் போகும் நேரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பிரதி எடுக்கும் நடுவில் போனால் மறுபக்கம் அரைக் கோப்பு கிடக்கும். கரண்ட் வந்தபின் சோதனை, "கோப்பு இருக்கிறதே" என்று ஒவ்வொரு முறையும் மறுக்கும், வரிசை அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். முதலில் தற்காலிகப் பெயரில் பிரதி எடுக்கட்டும், பிறகு எஃப்சிங்க் செய்து டிஸ்க்கில் உண்மையாகவே எழுதப்பட்டதை உறுதிசெய்யட்டும், கடைசியில் சரியான பெயருக்கு மாற்றட்டும். அந்தப் பெயரில் கோப்பு முன்பே இருந்து, உள்ளடக்கமும் ஒன்றாக இருந்தால் வெற்றி என்று சொல்லலாம். வேறாக இருந்தால் தோற்க வேண்டும்.

இன்னொன்று. யூஎஸ்பி டிஸ்க்கில் ஓர் அடையாளக் கோப்பை வைத்து, அது கண்ணில் பட்டால்தான் பிரதி எடுக்கும்படி செய்யுங்கள். உங்களுக்கு மவுண்ட் இல்லாதபோது உரிமைப் பிரச்சினையால் தோற்றது நல்லதாயிற்று. உரிமை இருந்திருந்தால் சேர்வரின் அதே டிஸ்க்கில், வெறும் கோப்புறைக்குள், எல்லாப் பிரதியும் போயிருக்கும். ஆர்க்கைவ் நன்றாக ஓடுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

டைம்அவுட் 60 செக்கன் உங்களுக்கு அதிகம். நாளொன்றுக்கு 1,440 கோப்பு, 22.5 கிகாபைட். ஐந்து நிமிடமாக்கினால் 288 கோப்பு, 4.5 கிகாபைட். முன்கூட்டியே மூடிய கோப்புகளில் பெரும்பகுதி வெற்றிடம் என்பதால் ஜிஸிப் போட்டால் நன்றாகச் சுருங்கும். டிஸ்க் செத்தால் ஐந்து நிமிடப் பதிவுவரை போகலாம். அதுவும் கூடாது என்றால் வேறொரு கணினியில் பிஜி ரிசீவ்வால் ஓடவிடுங்கள், எழுத எழுத வாங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த வேறொரு கணினி வாடியில் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். உப்புக்காற்றில் யூஎஸ்பி முனைகள் எப்படிப் பச்சை பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதைவிட, 2004 டிசம்பர் 26ஐ நம் கரையில் இருந்த யாரும் மறக்க மாட்டோம். சேர்வரும் அதன் பிரதியும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். உவர்மலையில் முதலாளி வீட்டில் ஒரு சின்னக் கணினி போதும், நிலம் உயரம். ஐந்து நிமிட லொக்கைச் சுருக்கி அனுப்புவது சாதாரண வீட்டு இணைப்புக்குச் சுமையே இல்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியபின், வாடைக்காற்றுக் காலத்தில் படகு குறைந்த ஒரு நாளில், மீட்டுப் பாருங்கள். இப்படி வைத்துக்கொள்வோம். காலை 9.40க்கு யாரோ ஒரு சம்மாட்டியின் முற்பணத்தைப் பூச்சியமாக்கப் போய், யாருடையது என்ற நிபந்தனையை எழுத மறந்து எல்லோருடையதையும் பூச்சியமாக்கிவிட்டார். உவர்மலைக் கணினியில் கடைசிப் பேஸ்பக்கப்பை விரியுங்கள். ரிஸ்டோர் கமாண்டில் ஆர்க்கைவ் இருக்கும் இடத்தைக் கொடுங்கள். ரிக்கவரி டார்கெட் டைம் 9.39. நேரத்தின் பின்னால் +05:30 என்று சேர்க்க மறக்க வேண்டாம், சேர்வர் உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போய் நிற்பீர்கள். பிறகு ரிக்கவரி சிக்னல் (இதில் மட்டும் இடையே அடிக்கோடு அல்ல, புள்ளி) என்ற வெற்றுக் கோப்பொன்றை உருவாக்கிச் சேர்வரை எழுப்புங்கள். லொக்குகளை ஒவ்வொன்றாக ஓட்டி 9.39இல் நிற்கும், அங்கே வாசிக்க மட்டும் விடும். முற்பண அட்டவணையைத் திறந்து தொகைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்த அட்டவணையை மட்டும் டம்ப் எடுத்து வாடிச் சேர்வருக்குக் கொண்டுவரலாம், காலையில் பதிந்த மற்றவை அப்படியே இருக்கும்.

உங்கள் பதிப்பு எது என்று எழுதவில்லை. 2019இல் வந்த 12க்கு முந்தியது என்றால் ரிக்கவரி சிக்னல் கிடையாது. மீட்பு அமைப்புகளையெல்லாம் ரிக்கவரி கொன்ஃப் (இதிலும் இடையே புள்ளி) என்ற தனிக் கோப்பில் எழுத வேண்டும். இன்று இரவு டிஸ்க்கை மவுண்ட் செய்தபின் பிஜி ஸ்டாட் ஆர்க்கைவரின் அந்த ஒரு வரியையும் பதிப்பு எண்ணையும் அனுப்புங்கள், ஸ்கிரிப்டை உங்களுக்கு ஏற்ற மாதிரி எழுதித் தருகிறேன்.